நிலக்கரிச் சாம்பலைக் குழாயில் போட்டால் பயோ கேஸ் நாற்றம் போகுமா?

பட்டிமேட்டான் (லிந்துலை)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று கறவை மாடு வைத்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் மாட்டுப்பட்டிக்குக் கீழே குழி தோண்டி, செங்கல்லால் கூண்டு கட்டி, சாணத்திலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்கும் பயோ கேஸ் போட்டோம். மார்கழி, தைக் குளிரில் காலைத் தேத்தண்ணிக்கு மட்டும்தான் வாயு வரும். மற்றபடி குறை இல்லை. விறகு பொறுக்க வீட்டுப் பெண்கள் மலை ஏறுவது நின்றதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் நாற்றம் தாங்க முடியவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கிற அந்த ஒரு நிமிடம் அழுகின முட்டை வாடை அடுப்படி முழுக்கப் பரவுகிறது. பித்தளை பர்னரின் துளைகளில் கருத்த பொருக்கு படிந்து அடைத்துக்கொள்கிறது, வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். போன மாதம் மனைவி கொக்கி கழன்ற வெள்ளிக் கொலுசை, பத்தரிடம் கொடுக்கலாம் என்று அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தாள். ஐந்தாறு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. தேய்த்துப் பார்த்தோம், முத்துகளுக்கு இடையில் உள்ள கருமை போகவே இல்லை. இந்தக் காற்றைத்தானே நாங்களும் பிள்ளைகளும் சுவாசிக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

என் மச்சான் புளொக்கல் (சீமெந்துக் கல்) அறுக்கும் இடத்தில் வேலை செய்கிறான். அங்கே சீமெந்தோடு கலக்க நிலக்கரிச் சாம்பல் வருகிறது. இரண்டு மூட்டை தருகிறேன் என்கிறான். இந்தச் சாம்பலை வைத்தே அனல் மின் நிலையப் புகையில் உள்ள கந்தகத்தைப் பிடிக்கலாம் என்று வாசித்தேன். இதை ஒரு பீவீசி குழாயில் அடைத்து, வாயுவை அதற்குள்ளால் விட்டால் நாற்றம் போகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


ஸ்டோர்க்காரன் (பத்தனை)

தம்பி, மாவு மாதிரிச் சாம்பலைக் குழாயில் அடைத்தால் வாயு வெளியே வராது. கூண்டில் வாயு குறைந்திருக்கும் நேரம் அழுத்தம் சில அங்குலத் தண்ணீர் அளவுதான் இருக்கும். ஒரு முழச் சாம்பலைத் தள்ளிக்கொண்டு வர அதுக்குப் பலம் போதாது.

நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டிரையர் அடுப்பில் 27 வருடம் நின்றவன். விறகுச் சாம்பல் அள்ளும்போது மேலே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு படை இருக்கும், கீழே கரித்துண்டும் கட்டியும். வியர்த்த கையில் பட்டால் முதலில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், கொஞ்ச நேரத்தில் எரியும். அவ்வளவு காரம். நிலக்கரிச் சாம்பலையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அது சாம்பல் நிறத்தில் முகப்பவுடர் போல விரலுக்கிடையில் உருண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் பெயர் சாம்பல் என்றாலும் ஒரே பொருள் இல்லை.

காரம்தான் தேவை என்றால் எந்த ஸ்டோரிலும் விறகுச் சாம்பல் சும்மா கிடக்கிறது. எதற்கு லொறி ஏறி வந்த சாம்பல்?


ரசாயனம் சேர் (அட்டன்)

அண்ணன் சொன்னது சரி. ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன்.

மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதி எரிக்கிறார்கள். 1300 பாகைக்கு மேலான சூட்டில் கரிக்குள் இருந்த களிமண்ணும் மணலும் உருகித் துளிகளாகி, புகையோடு பறக்கும்போதே உறைந்துவிடுகின்றன. அதனால்தான் அது உருள்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு கண்ணாடி உருண்டை, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றை விடச் சின்னது. சிலது உள்ளே வெற்றாகவும் இருக்கும். சிலிக்கா, அலுமினா, கொஞ்சம் இரும்பு ஒட்சைட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு, எரியாமல் மிஞ்சிய கரி, இவ்வளவுதான் அதில் பெரும்பங்கு.

உங்கள் அழுகின முட்டை வாடை ஐதரசன் சல்பைட்டு. அடுப்பில் எரிந்தால் அது மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கந்தகவீரொட்சைட்டு (SO₂) என்ற இன்னொரு வாயுவாக மாறி அதே அடுப்படியில்தான் சுற்றும். ஜன்னலைச் சாத்திச் சமைத்தால் தொண்டை அரிப்பது அதனால்தான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 500, 1000 என்று போனால் உயிர் போகும். கூண்டின் மூடியைத் திறந்து யாரும் தலையை உள்ளே விடக் கூடாது. நாற்றம் இல்லையே என்று இறங்கவும் கூடாது.


கொதிகலன் (மஸ்கெலியா, இப்போது மலேசியா)

நான் நிலக்கரி மின் நிலையங்களில் வேலை செய்பவன். பட்டிமேட்டான் வாசித்தது பொய் இல்லை.

வெறும் சாம்பல் கந்தகவீரொட்சைட்டைப் பெரிதாகப் பிடிக்காது. அதை நீறிய சுண்ணாம்போடு தண்ணீரில் கலந்து சூடாக்கி வைத்தால் கதை வேறு. சுண்ணாம்பின் காரம் அந்தக் கண்ணாடி உருண்டைகளை அரித்து உள்ளே இருக்கும் சிலிக்காவை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து, துவாரம் நிறைந்த கல்சியம் சிலிக்கேற்று உருண்டையின் மேல் பஞ்சுப் பூச்சி மாதிரி வளர்கிறது. ஒரு கிராம் வெறும் சாம்பலுக்கு உள்ள மேற்பரப்பு சில சதுர மீட்டர்தான், இந்தக் கலவையில் அது பல மடங்காகும். ஈரப்பதம் உள்ள புகையில் இதைத் தூவினால் வெறும் சுண்ணாம்பை விட நன்றாகக் கந்தகத்தைப் பிடிக்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 1980களிலிருந்தே இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. சாம்பலைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டு, கிட்டத்தட்ட கொதிநிலையில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் சியோலைட்டு என்ற பளிங்கு உருவாகும். தேன்கூடு மாதிரி, ஆனால் அறைகள் மூலக்கூறு அளவில். 1985 இல் ஹோலர், விர்ஷிங் என்ற இரண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அந்த அறைகளில் காபனீரொட்சைட்டு, அமோனியா, கந்தகவீரொட்சைட்டு எல்லாம் போய் உட்காரும். எரியாமல் மிஞ்சிய கரி பாதரச ஆவியைக்கூடப் பிடிக்கும்.

நம் இலங்கையின் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் மூன்று அலகு, மொத்தம் 900 மெகாவாட். முதல் அலகு 2011 இல் ஓடத் தொடங்கியது. அங்கே கடல் பக்கத்தில் இருப்பதால் புகையின் கந்தகத்தைக் கடல்நீரால் கழுவுகிறார்கள், சாம்பல் பெரும்பாலும் சீமெந்துக்குப் போகிறது. ஆகவே இதைக் குப்பை என்று சொல்ல வேண்டாம். சரியாகப் பயன்படுத்தினால் நல்ல மூலப்பொருள்.


பட்டிமேட்டான் (லிந்துலை)

மலேசியா அண்ணே, மிக்க நன்றி. அப்படியென்றால் நான் சாம்பலோடு சுண்ணாம்பைக் கலந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கட்டி கட்டியாகப் பிடித்துக் குழாயில் போடவா? சுண்ணாம்பு இங்கே கடையில் கிடைக்கும். இடையில் சந்து இருப்பதால் அடைக்காது என்று நினைக்கிறேன்.


புளொக்கல் (கொட்டகலை)

அவர் சொல்லும் மச்சான் நான்தான். மச்சான், அந்த வேலை மட்டும் செய்யாதே. சாம்பல், சுண்ணாம்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் நாங்கள் அறுக்கும் கல்தான் வரும். நம்ம ஊர்க் குளிருக்குக் குழாய்க்குள் வேறு இரவில் நீர் வேர்க்கும். இரண்டு மாதத்தில் குழாயோடு சேர்த்து உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.


ரசாயனம் சேர் (அட்டன்)

புளொக்கல் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கல் ஆகாவிட்டாலும் இந்தக் கலவை இங்கே உதவாது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இந்த இழையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

மூன்று மாட்டுச் சாணத்தில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு வரும் என்று வைப்போம். அதில் பாதிக்கு மேல் மெதேன். நூற்றுக்கு 35 அளவு காபனீரொட்சைட்டு, அதாவது 350 லீட்டர், 640 கிராம். ஐதரசன் சல்பைட்டு நூற்றுக்கு 0.2 என்று எடுத்தால் 2 லீட்டர், 3 கிராம் கூட இல்லை. இரண்டுமே அமில வாயு. சுண்ணாம்பு இரண்டையும் பிடிக்கும். பந்தியில் 200 பேருக்கு நடுவில் ஒருவருக்குத்தான் நீங்கள் சாப்பாடு கொண்டுவந்தீர்கள், ஆனால் இலையில் கை வைப்பது மற்ற எல்லாரும். அத்தனை காபனீரொட்சைட்டையும் தீர்க்க நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு வேண்டும். மாதம் 30 கிலோ. விறகுச் சாம்பலுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் மின் நிலையத்தில் எப்படிச் சரிவருகிறது? அங்கேயும் புகையில் காபனீரொட்சைட்டுத்தான் அதிகம். ஆனால் கந்தகவீரொட்சைட்டு வலிமை கூடிய அமிலத்தைத் தருவது. சுண்ணாம்பு ஏற்கனவே காபனீரொட்சைட்டைப் பிடித்துக் காபனேற்றாகிவிட்டாலும், காபனீரொட்சைட்டைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெறும் சுண்ணக்கல் தூளே புகையைக் கழுவப் போதுமாக இருப்பது அதனால்தான். ஐதரசன் சல்பைட்டுக்கு அந்த வலிமை இல்லை. காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைந்து தரும் காபோனிக்கமிலத்தை விடவும் அது மெலிந்தது. புகைபோக்கியில் வெல்லும் அதே பொருள் சாணக் கூண்டில் தோற்பதற்கு இதுதான் காரணம்.

நமக்கு வேண்டியது காபனீரொட்சைட்டைத் திரும்பியும் பார்க்காமல் கந்தகத்தை மட்டும் பிடிக்கிற ஒன்று. அது இரும்புத் துரு. 3 கிராம் ஐதரசன் சல்பைட்டுக்கு 5 கிராம் துரு கணக்குக்குப் போதும், மாதம் 150 கிராம். மேற்பரப்பு மட்டுமே வேலை செய்யும் என்பதால் நடைமுறையில் ஒன்றிரண்டு கிலோ போடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களுக்கு நிலக்கரியிலிருந்து விளக்கு வாயு தயாரித்த ஆலைகளில், இரும்பு ஒட்சைட்டையும் மரத்தூளையும் கலந்து பெட்டி பெட்டியாக வைத்துத்தான் இந்த வாடையை எடுத்தார்கள்.


கொதிகலன் (மஸ்கெலியா, இப்போது மலேசியா)

சேர், கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். அமில வலிமை விஷயத்தை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் நிலக்கரிச் சாம்பலிலும் இரும்பு இருக்கிறதே, நூற்றுக்கு ஐந்து பத்து என்று?


ரசாயனம் சேர் (அட்டன்)

இருக்கிறது. பெரும்பகுதி கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது, அல்லது உயர்ந்த சூட்டில் இறுகிப்போன ஒட்சைட்டாக இருக்கிறது. நீர் சேர்ந்த, பொருபொருத்த துருதான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சாம்பல் உருண்டை மேல் புதிதாக இரும்புப் படிவு ஏற்றி மாத்திரையாகப் பிடித்தால் நல்ல வடிகட்டி வரும். ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் இரும்புச் சீவலே துருவையும் தாங்கும், சந்தும் விடும்.


நீரோடை (கொட்டகலை)

நான் பீற்றூட், லீக்ஸ் போடுகிறவள். ரசாயனம் அவ்வளவு தெரியாது. ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. பிடித்த பிறகு அந்தச் சாம்பல் எங்கே போகும்?

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே மலை, மலையில் ஊற்று, ஊற்றிலிருந்து நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி. மேட்டில் எதைக் கொட்டினாலும் ஒரு மழைக்குப் பீலிக்கரைக்கு வந்துவிடும். போன வருடம் பக்கத்துப் பாதையோரம் ஒரு கட்டட வேலைக்காரர் நிலக்கரிச் சாம்பலைப் படங்கு மூடாமல் குவித்துவிட்டுப் போனார். ஆடிக் காற்றில் நாலு நாள் எங்கள் கொடியில் காய்ந்த துணியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. என் சின்ன மகளுக்கு இழுப்பு. அந்த நாலு இரவும் நான் தூங்கவில்லை. சொல்லிச் சொல்லிக் கடைசியில் நாங்களே ஈரச் சாக்கு போட்டு மூடினோம்.

கரியில் இருந்த ஆசனிக்கு, செலனியம், குரோமியம் எல்லாம் சாம்பலில்தான் மிஞ்சுகிறது என்று கேள்விப்பட்டேன். சேர், உண்மையா? உண்மை என்றால் தயவு செய்து யாரும் இதை மரக்கறிப் பாத்தியில் உரம் என்று போட வேண்டாம்.


ரசாயனம் சேர் (அட்டன்)

உண்மை, தங்கச்சி. அளவு சிறியதுதான், ஆனால் மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கந்தகம் பிடித்த சாம்பல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சீமெந்துக்குள் போனால் பெரும்பாலும் கல்லுக்குள் பூட்டப்படுகிறது. அதனால்தான் அது நல்ல வழி. திறந்த மேட்டில் குவிப்பது கெட்ட வழி. நுரையீரலுக்கு அந்த நுண்தூள் ஆகவே ஆகாது, மூட்டை அவிழ்க்கும்போது ஈரத்துணியாவது மூக்கில் கட்டுங்கள்.


ஸ்டோர்க்காரன் (பத்தனை)

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விறகுச் சாம்பலில் அந்த விஷம் குறைவு என்று தேயிலைக்கடியில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும், பீஎச் 4.5 இலிருந்து 5.5 வரை. சாம்பல் காரம். ஒரே இடத்தில் கூடை கூடையாகக் கொட்டின பக்கத்துச் செடி மஞ்சளித்துப் போனதை நானே பார்த்திருக்கிறேன். மண் மிஞ்சிப் புளித்துப்போனால்கூட அளந்துதான் டொலமைட் (ஒரு வகைச் சுண்ணக்கல் தூள்) போடச் சொல்வார்கள்.

பட்டிமேட்டான் தம்பி, துருவுக்கு நீ அலைய வேண்டாம். கடைசல் பட்டறையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்கும், ஒரு சாக்கு கேட்டு வாங்கு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துருப் பிடிக்காது, சவர்க்காரத் தூள் போட்டு இரண்டு தடவை அலசு. பிறகு தகரத்தில் பரப்பி மழையில் போட்டுவிடு. இந்த மழைக்குப் பத்து நாள் போதும், காவி நிறமாகிவிடும்.


நீரோடை (கொட்டகலை)

நம் மலை மண்ணே சிவப்புத்தானே, அதுவும் இரும்புதானே? அதைப் போட்டால்?


ரசாயனம் சேர் (அட்டன்)

நல்ல கேள்வி. அந்தச் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஒட்சைட்டுத்தான், ஓரளவு வேலை செய்யும். ஆனால் களி கூட இருப்பதால் ஈரம் பட்டதும் குழைந்து அடைத்துக்கொள்ளும். மண்ணை மரச்சீவலோடு பிசைந்து, உருண்டை பிடித்து நன்றாகக் காய வைத்துப் பார்க்கலாம். சீவல் கிடைக்கும் இடத்தில் சீவலே மேல்.

பட்டிமேட்டான், வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பழைய மின்கம்பியின் செம்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒரு துண்டை வடிகட்டிக்கு முன்னாலும் ஒரு துண்டை பின்னாலும் வையுங்கள். எது கருக்கிறது என்று பாருங்கள்.


பட்டிமேட்டான் (லிந்துலை)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் ஒரு மாடு கன்று போட்டது.

நாலு அங்குலப் பீவீசி குழாய், இரண்டு அடி நீளம், நிமிர்த்தி வைத்தேன். கீழே வாயு நுழையும், மேலே வெளியேறும். அடியில் நீர் வடிய ஒரு திருகு மூடி. உள்ளே ஒன்றரைக் கிலோ துருப் பிடித்த சீவல், இடையிடையே கொஞ்சம் மரச்சீவல். இரண்டு பக்கமும் வால்வு. மாட்டுவதற்கு முன் வாயுவை முழுக்க நிறுத்தி, பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

செம்புத் துண்டு மூன்றாம் நாளே வித்தியாசம் காட்டியது. முன்னால் இருந்தது மாட்டுக்கொம்பு நிறம், பின்னால் இருந்தது மாட்டின அன்றைக்கு இருந்த மாதிரியே. பற்ற வைக்கும்போது வரும் வாடை முக்கால்வாசி போய்விட்டது. ஐந்தாவது வாரம் பின்னால் இருந்த செம்பும் லேசாக மங்கத் தொடங்கியது.

உடனே கழற்றினேன். சீவல் எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. சேர் எனக்குத் தொலைபேசியில் எச்சரித்திருந்ததால், கழற்றியதும் முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, வெளியே தகரத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினேன். அப்படியும் பத்து நிமிடத்தில் கையை மேலே காட்டினால் சூடு தெரிந்தது, ஆவி பறந்தது. இரண்டு தடவை திரும்பவும் நனைத்தேன். பின்னேரம் பார்த்தால் ஓரத்திலிருந்து கறுப்பு விலகிப் பழையபடி காவி ஏறுகிறது. மறுநாள் முழுக்கச் சிவப்பு, அங்கங்கே வெளிர் மஞ்சள் பொட்டு. அதையே திரும்பக் குழாயில் போட்டிருக்கிறேன்.

மச்சான் கொடுத்த இரண்டு மூட்டையையும் அவிழ்க்கவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைக் கலந்து அறுத்த கல் முப்பது, மாட்டுப்பட்டித் தரைக்கு வந்து இறங்கியிருக்கிறது.


ரசாயனம் சேர் (அட்டன்)

அருமை. அந்த மஞ்சள் பொட்டுதான் நீங்கள் பிடித்த கந்தகம். அது படியப் படியத் துருவின் முகத்தை மூடும், ஆகவே மூன்று நாலு தடவைக்கு மேல் அதே சீவலை நம்ப வேண்டாம். நனைக்காமல் குவியலாக மட்டும் கொட்டிவிடாதீர்கள். இரும்பு சல்பைட்டு காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறும், மரச்சீவலும் கூட இருப்பதால் தீப்பிடிக்க இடமுண்டு. பிள்ளைகள் இருக்கும் வீடு.


கொதிகலன் (மஸ்கெலியா, இப்போது மலேசியா)

பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சாம்பலைக் கந்தகத்துக்குப் பயன்படுத்துவதை நான் இன்னும் விடவில்லை. அது அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே, சாம்பலும் சுண்ணாம்பும் சூடும் ஒரே இடத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. மலைக்கு மூட்டை கட்டி ஏற்ற வேண்டியதில்லை. அந்த மட்டில் சேரோடு ஒத்துப்போகிறேன்.


நீரோடை (கொட்டகலை)

அண்ணே, எங்கள் டிவிஷனில் இரண்டு வீட்டில் பயோ கேஸ் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் இதே வாடைதான். வருகிற ஞாயிறு வந்து குழாயைப் பார்க்கலாமா? கொலுசு என்ன ஆனது, அக்காவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.


பட்டிமேட்டான் (லிந்துலை)

தாராளமாக வாருங்கள் தங்கச்சி. பத்து மணிக்குப் பிறகு என்றால் பால் ஊற்றிவிட்டு வந்திருப்பேன். சீவல் இன்னும் அரைச் சாக்கு இருக்கிறது, எடுத்துப் போகலாம். வெறும் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.

கொலுசைப் பத்தர் வெளுப்பாக்கிக் கொக்கியும் போட்டுத் தந்துவிட்டார். ஒரு கால் கொலுசு மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது. கருக்கிறதா என்று தினமும் காலையில் மனைவிதான் பார்க்கிறாள்.